ஓரத்து மைக்

அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதீங்க, அந்த ஜன்னல் சீட்ட எனக்குத் தாரீங்களா? நீங்க நடுவுல வந்துருங்க. காத்து மொகத்துல அடிக்கலன்னா எனக்கு பஸ்ல வயித்தப் பெரட்டிரும். ஆமா, அப்படியே நகர்ந்துக்கிடுங்க. அந்தாளு தூங்கட்டும், மடியில மிக்ஸி டப்பாவப் பிள்ளையத் தூக்கி வச்ச மாதிரி வச்சிருக்காரு, பாவம். என் பைய மேல வைக்க வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். உள்ள கோட்டு இருக்கு, கசங்கிரும்.

ஆங், இப்பம் சரி. முன்ன என்னமோ கேட்டீங்கள்லா? ரெண்டு தடவ கேட்டீங்க, எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க மெதுவாப் பேசுதீங்க அண்ணாச்சி. குத்தமாச் சொல்லல. இப்பம் எல்லாருமே மெதுவாத்தான் பேசுதாங்க. எங்க வீட்டுல மேபலு, கல்யாணம் ஆன புதுசுல தெருமுனையில நின்னு கூப்பிட்டா மில்லு வாசல் வரைக்கும் கேக்கும். இப்பம் அடுப்பங்கரையில இருந்து கூப்பிட்டாச் சத்தமே வரமாட்டேங்கு. டிவியில செய்தி வாசிக்கிறவனும் வாய்க்குள்ளயே வாசிக்கான். என்ன சாப்பிடுதாங்களோ!

ஆமா, நாகர்கோயில்தான். கல்யாணத்துக்கு. மணி என்ன ஆவுது? பத்தே முக்காலா? அப்பம் சர்ச்சுல தாலி கட்டி முடிஞ்சிருக்கும். பரவால்ல. கோயிலுக்குப் போற எண்ணம் எனக்கு இல்ல. நேரா மண்டபம். பன்னெண்டு மணிக்குக் கேக்கு வெட்டுவாங்க. அதுக்கு முன்ன போயி, ஒரு ஆளப் பாத்து, இந்தக் கோட்ட அவன் கையில குடுத்துட்டு, "வாரேம்ல"ன்னு சொல்லிட்டு அடுத்த பஸ்சுல திரும்பி வந்துரணும். பிரியாணி சாப்பிட மாட்டேன். அதுல தெளிவா இருக்கேன்.

கோட்டப் பாக்கணுமா? பாருங்க. நல்லாத் தொட்டுப் பாருங்க. பச்சை. முழுக்கப் பச்சை. பாளையங்கோட்டையில பச்சைக் கோட்டு செட்டுன்னு கேட்டுப் பாருங்க, அம்பது வயசுக்கு மேல இருக்கிற எவனும் சொல்லுவான். ஐரிஷ் செட்டுன்னும் சொல்லுவாங்க. அயர்லாந்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கீங்களா? அது ஒரு கதை.

நாங்க மூணு பேரு. பொன்சிங்கு, நான், கோமதிநாயகம். நான் ஆசீரு. பொன்சிங்குக்கு மேல்கட்டைக் குரல். சர்ச்சுப் பாட்டுக்குழுவுல வளந்தவன், நோட்டப் பாத்துப் பாடுவான். கோமுவுக்கு அடிக்கட்டை. டவுன்ல தேவாரம் பாடுற வீட்டுப் பிள்ளை, வேலை கரண்டு ஆபீஸ்ல. நான் எதுவும் முறையாப் படிக்கல. சினிமாப் பாட்டு. ரேடியோல ஒருக்காக் கேட்டா மறுநாள் மில்லுல பாடிக் காட்டிருவேன். அந்தக் காலத்துல எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல அயர்லாந்துக்காரரு ஒருத்தரு இருந்தாரு, பிரதர் ஃபின்டன்னு பேரு. ரெண்டே வருசம். வெயில் தாங்காம ஊரு திரும்பிட்டாரு. போனவரு பொன்சிங்குக்குத் தபால்ல ஒரு கேசட்டு அனுப்பி வச்சாரு. அவரு ஊர்க்காரங்க மூணு பேரு சேந்து பாடுற பாட்டு. ஒருத்தன் உச்சியில போறான், ஒருத்தன் பாதாளத்துல நிக்கான், ஒருத்தன் நடுவுல. பெரிய சங்கீதத்தையும் தெருப்பாட்டையும் ஒண்ணாக் கலந்து அடிக்கான். நாங்க வாயப் பொளந்துட்டோம்.

பொன்சிங்கு வீட்டு மாடியில வச்சுத்தான் கேட்டோம். மொதப் பாட்டு பாதி ஓடல, கோமு எந்திரிச்சு நின்னுட்டான். "ஏ, இது மோகனம்லா! அயர்லாந்துக்காரன் மோகனம்லா பாடுதான்!"னான். அவ்வளவுதான். அந்தப் பாட்டுக்கு ஒரு வார்த்தைக்கும் எங்களுக்கு அர்த்தம் தெரியாது, இன்னைக்கி வரைக்கும் தெரியாது. கேட்ட மாதிரியே பாடுவோம். மொதல்ல அயர்லாந்துப் பாட்டு, அதுல இருந்து கோமு அப்படியே வழுக்கி மோகனத்துல ஒரு கீர்த்தனைக்குள்ள இறங்குவான், அங்க இருந்து நான் ஒரு சினிமாப் பாட்ட எடுத்துக்கிட்டு ஏறுவேன், கடைசியில பொன்சிங்கு மேல நின்னு மறுபடி அயர்லாந்துக்குக் கூட்டிட்டுப் போயிருவான். ஏழு நிமிசம். முப்பத்தொரு வருசம் அந்த ஏழு நிமிசத்த வச்சுத்தான் நாங்க ஓட்டினோம். அந்த நாட்டுக்குப் பச்சைதான் நெறமாம், பிரதர் எழுதியிருந்தாரு. அதான் கோட்டும் பச்சை.

எங்க இருக்கோம்? நாங்குநேரி தாண்டிட்டமா? இந்த டிரைவர் என்ன, மாட்டு வண்டியா ஓட்டுதாரு?

இதுல நடுக்குரல்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லணும். மேல்கட்டை பாடுறவனுக்குக் கைதட்டு. அடிக்கட்டை பாடுறவனப் பாத்துப் பொம்பளைங்க, "எம்மா, என்ன கம்பீரம்"பாங்க. நடுவுல பாடுறவன எவனும் கண்டுக்கிட மாட்டான். ஆனா நடுவுல உள்ளவன் விட்டான்னா ரெண்டு பேரும் ஆளுக்கொரு தெசையில போயிருவாங்க. ரெண்டு பக்கமும் காத வச்சு, அவனுக்கு இவன, இவனுக்கு அவனக் கட்டிப் போடுறது நான்தான். இன்னொண்ணும் உண்டு. சுருதி குடுக்கிறது நான். பொட்டி கெடையாது, ஒண்ணும் கெடையாது. பாட்டுக்கு முன்ன நான் "ம்"னு ஒரு சத்தம். அத அவங்க ரெண்டு பேரும் வாங்கிக்கிடணும். அதனாலதான் எப்பவும் நான் நடுவுல. இடதுல பொன்சிங்கு, வலதுல கோமு. முப்பத்தொரு வருசம் இந்த எடம் மாறல. என் கல்யாணத்துக்கே நான் பாடினேன், அன்னைக்கும் மேபல ஓரமா நிறுத்திட்டு நான் நடுவுலதான் நின்னேன்.

இந்தச் சனியன் போன வருசம் டிசம்பர்ல ஆரம்பிச்சுச்சு.

டிசம்பர்னா எங்களுக்கு ஓட்டம். ஒரு நாளைக்கி ரெண்டு எடம். திடீர்னு பாத்தா கோமு அடக்கிப் பாடுதான். எனக்கு வலது பக்கம் நிக்கிறவன்லா? சத்தமே இல்ல. வாய் அசையுது, கழுத்து நரம்பு பொடைக்குது, சத்தம் மட்டும் வரல. "ஏம்வே, தொண்ட கட்டியிருக்கா"ன்னு கேட்டேன். "இல்லையே"ங்கான். மறுநாளும் அப்படியே. நான் நெனச்சேன், இவனுக்கு என்னமோ மனசுல இருக்கு. கோயில்பட்டியில ஒரு அம்மா எங்கிட்ட வந்து, "உங்க குரல்தாம்ப்பா ஒட்டுது"ன்னுச்சு, கோமு பக்கத்துலதான் நின்னான். அத மனசுல வச்சுக்கிட்டான்னு நெனச்சேன். மனுசன் மனசு அப்படித்தான அண்ணாச்சி? முப்பது வருசம் கூடப் பாடினாலும் பொறாமை எப்பம் மொளைக்கும்னு தெரியாது.

மைக் செட்டுக்காரன மாத்திப் பாத்தேன். ஸ்பீக்கர நகட்டிப் பாத்தேன். ஒண்ணும் ஆகல. நான் என்ன செய்ய முடியும், தலைய வலது பக்கமாத் திருப்பித் திருப்பிப் பாடினேன். "என்னண்ணே, கோமு அண்ணன மொறைச்சுக்கிட்டே பாடுதீங்க"ன்னு மைக் செட்டுப் பையன் கேக்கான்.

ஜனவரியில மறுபடி அதே கோயில்பட்டியில ஒரு கல்யாணம். சரியான கூட்டம். அயர்லாந்துப் பாட்டு எடுத்தாச்சு. கோமு மோகனத்துக்குள்ள இறங்குற எடம் வருது. அவன் இறங்கி ஒரு சுவரத்துல நிப்பான், அதப் புடிச்சுத்தான் நான் ஏறணும். நிக்கேன், நிக்கேன், சத்தத்தக் காணோம். சரி, மறந்துட்டான் போலன்னு நானா எடுத்துட்டேன். பாத்தா அவன் பாடிக்கிட்டுத்தான் இருந்திருக்கான்! நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், நடுவுல பொன்சிங்கு மேல தொங்குதான். பாட்டு ஒடஞ்சு போச்சு அண்ணாச்சி. முப்பத்தொரு வருசத்துல மொத தடவ. முன்வரிசைப் பிள்ளைங்க சிரிக்குது.

எனக்குக் கோவம் வந்துட்டு. கோமுவப் பாத்து, "சத்தமாப் பாடும்வே, யாருக்குப் பயந்து பாடுதீரு!"ன்னு கேட்டுட்டேன். மைக்குல. மண்டபம் பூராக் கேட்டுட்டு. மணப்பொண்ணே கையால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. கோமு என்ன செஞ்சான் தெரியுமா? தலையக் குனிஞ்சுக்கிட்டான். வண்டியில வரும்போதும் பேசல. கயத்தாறுல டீ குடிக்க எறங்கினப்பம் எனக்கும் சேத்து அவன்தான் டீ வாங்கிட்டு வந்து குடுத்தான், அப்பவும் பேசல. குத்தம் அவன் மேலன்னு அவனுக்கே தெரியும். அதான் பேசல.

மணி என்ன? பதினொண்ணு தாண்டிட்டா? வள்ளியூரா இது? இருங்க, நான் இங்கயே எறங்கிக்கிடுதேன். கோட்டத் தபால்ல அனுப்பிச்சாப் போச்சு. அவன் மூஞ்சிய என்னத்துக்குப் பாக்கணும்... கண்டக்டர், ஒரு நிமிசம்! ...இல்ல, ஒண்ணுமில்ல, நீங்க போங்க. விசில் அடிங்க. என்னமோ யோசனை. மேபலு அங்க இருக்கா அண்ணாச்சி, நேத்தே கல்யாண வீட்டுக்காரங்க வேன்ல போயிட்டா. நான்தான் அவங்க வேன்ல ஏற மாட்டேன்னுட்டேன். நான் போகலன்னா அவளுக்கு அவமானம். அதுக்காகத்தான் போறேன். வேற ஒண்ணும் இல்ல.

ஆங், கோயில்பட்டி கழிஞ்சு ஒரு வாரம். பொன்சிங்கு என் வீட்டுக்கு வந்தான். இதையும் பேசுதான், அதையும் பேசுதான். கடைசியில, "ஏல ஆசீரு, ஒருநா டாக்டர்ட்டப் போயிக் காதக் காட்டிட்டு வந்துருவமால, நானும் வாரேன்"ங்கான். என் காதையா! இருவத்தெட்டு வருசம் ஸ்பின்னிங் மில்லுல நூத்துக்கணக்கான கதிரு சுத்துற எடத்துல நின்னவன் நான். என் வலது கைப்பக்கம் மிஷினு. அந்த எரைச்சலுக்கு மத்தியில காதுல பஞ்சு அடச்சுக்காம நின்னு பாட்டுப் பாடினவன். பத்தாவது மிஷின்ல ஒரு நூலு அறுந்தா, சத்தம் மாறி ஓடுதுன்னு இங்க இருந்து சொல்லுவேன். அந்தக் காதப் பத்தி இவன் பேசுதான். மேபலு வேற கதவுக்குப் பின்னால நின்னு அவனுக்குத் தலையாட்டுதா. எனக்கு எப்படி இருக்கும்? "உன் தொண்டைய மொதல்ல காட்டுல"ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

அதுக்கு அவங்க எனக்குச் செஞ்ச கைம்மாறு என்ன தெரியுமா? பிப்ரவரியில பொன்சிங்கு வீட்டு மாடியில ஒத்திகை. நான் படியேறிப் போறேன். கோமு தரையில மண்டி போட்டு உக்காந்து, சாக்பீஸால கோடு போட்டுக்கிட்டு இருக்கான். அவனுக்கு மூட்டு வலி அண்ணாச்சி, நாற்காலியில உக்காந்து எந்திரிக்கவே அம்மா அப்பான்னுவான். அவன் மண்டி போட்டு, மூணு மைக்குக்கும் எடம் அளந்துக்கிட்டு இருக்கான். மொத மைக்கு பொன்சிங்குக்கு. நடு மைக்கு கோமுவுக்கு. எனக்கு எங்க தெரியுமா? வலது ஓரத்துல. தனியா. சொவத்தப் பக்கத்துல வச்சுக்கிட்டு.

"இது என்னது"ன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தன் மொகத்த ஒருத்தன் பாக்கான். கோமு, "சும்மா ஒரு மாத்தத்துக்கு, ஆசீரு. நின்னு பாரேன்"ங்கான். நின்னு பாக்கணுமாம்! முப்பத்தொரு வருசம் நடுவுல நின்னவன ஓரத்துல தள்ளிட்டு, சும்மா ஒரு மாத்தமாம். நடுக்குரல ஓரத்துல நிறுத்துறது எந்த ஊரு சங்கீதம்? அந்த அயர்லாந்துக்காரன் கேட்டாச் சிரிப்பான். நான் அந்தச் சாக்பீஸ் கோட்டுக்குள்ள காலு வைக்கவே இல்ல. செருப்பு போட்டுக்கிட்டு எறங்கி வந்துட்டேன். பொன்சிங்கு தெருவரைக்கும் பின்னாலயே வந்து என்னமோ சொல்லிக்கிட்டே வந்தான். என் காதுல விழல. விழவும் வேண்டாம்னுதான் வேகமா நடந்தேன்.

நாலு மாசம் ஆச்சு. நான் அந்தப் பக்கம் போகல. என் எடத்துக்கு இன்னொருத்தனப் போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். ஆளு கெடைக்கலையோ என்னமோ, போடல. ரெண்டு பேரா பாடுதாங்களாம். ஈஸ்டருக்குப் பாடின போட்டோவ மேபலு போன்ல காட்டினா. பாத்தா, பொன்சிங்கு நிக்கான், பக்கத்துல கோமு நிக்கான், வலது ஓரத்துல ஒரு மைக்கு. அதுல ஆளே இல்ல. சும்மா நிக்கி. எவ்வளவு கொழுப்பு பாருங்க! இன்ன எடத்துலதான்டா உன்னத் தள்ளினோம்னு ஊரு பூராவுக்கும் காட்டுதாங்க. மேபலு சொல்லுதா, "எங்க போனாலும் அந்த மைக்க வைக்காமப் பாட மாட்டேங்காங்களாம்"னு. அவ அதச் சொல்லும்போது அழுதா. என் அவமானம் அவளுக்கும் பொறுக்கல.

எதுக்கு வண்டி நிக்கி? என்னது, ஆரல்வாய்மொழி வந்துட்டமா? எதுக்கு இன்ஜின அணைக்கான்? எட்டிப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. ஓ, கரண்டு எடுக்கிற காத்தாடி ரெக்கையா! ஒரு லாரியிலயா? எம்மாடி, தெரு நீளம்லா இருக்கு! அது திரும்பி முடிக்கதுக்குள்ள அங்க கேக்கு வெட்டித் தின்னு கைகழுவிருவானுவ. அரை மணி நேரம் ஆவுமா? போச்சு. எல்லாம் போச்சு.

இல்ல, அவசரம் ஒண்ணும் இல்ல. நான் எதுக்கு அவசரப்படுதேன்? கோட்டு குடுக்கத்தான போறேன். கல்யாணம் யாருக்குன்னு சொல்லலையே. பொன்சிங்கு மகளுக்கு. ஷைனிக்கு. மூணு மாசப் பிள்ளையா இருக்கும்போது நாங்க ஒத்திகை பாத்தா அந்த மாடியிலதான் தூங்கும். பாட்ட நிறுத்தினா முழிச்சுக்கிட்டு அழும். அது தூங்கணும்னே நாங்க நிறுத்தாமப் பாடுவோம். பதினஞ்சு நாளைக்கி முன்ன பத்திரிகை குடுக்க அதுவே வந்துச்சு. என் இடது பக்கமா வந்து ஒட்டி உக்காந்துக்கிட்டு, "மாமா, கேக்கு வெட்டும்போது எனக்கு அயர்லாந்துப் பாட்டு வேணும். நீங்க மூணு பேரும் பாடணும். ரெண்டு பேரு பாடினா வேண்டாம். வேற யாரும் பாடவும் வேண்டாம், பாட்டே இல்லாம வெட்டிக்கிடுதேன்னு அப்பாட்டச் சொல்லிட்டேன்"னுச்சு. "உங்கப்பா என்ன சொன்னான்"னேன். "சரின்னுட்டாரு மாமா"ன்னுச்சு.

பாட்டே தொழிலா இருந்தவன் மக கல்யாணம், பாட்டே இல்லாம நடக்கப் போவுது. எனக்கு வருத்தமா இல்லையான்னு கேக்கீங்களா? இருக்கு. நேத்து பூராச் சோறு எறங்கல. இருந்தாலும் எனக்கும் ஒரு மானம் இருக்குல்லா. ஓரத்துல போயி எப்படி நிப்பேன்?

நீங்க நம்பலையா? நடுக்குரல்ல என்ன இருக்குன்னு நெனைக்கீங்களோ? இருங்க, வண்டி நிக்கிறதும் நல்லதுக்குத்தான். உங்களுக்கே காட்டுதேன். நான் ஒரு சத்தம் குடுப்பேன், அத அப்படியே புடிச்சு "ம்"னு இழுங்க. பாட வேண்டாம், இழுத்தாப் போதும். கூச்சப்படாதீங்க, இங்க எல்லாரும் காத்தாடி ரெக்கையத்தான் பாக்காங்க. ஏங்க, மிக்ஸிக்காரரே, முழிச்சிட்டீங்களா? நீங்க பாடுவீங்களா? ஐயப்பன் பஜனையிலயா? அப்பம் கவலையே இல்ல. நீங்க கீழ நில்லுங்க. அடியில, தொப்புள்ள இருந்து வரணும். இந்தா... ம்ம்... அதேதான். அண்ணாச்சி, நீங்க மேல. ம்ம்... சரியா இருக்கு, விட்டுராதீங்க. ரெண்டு பேரும் விடாம இழுங்க. நான் நடுவுல வாரேன், பாருங்க.

ம்ம்ம்...

...

நிறுத்தாதீங்க. ஏன் நிறுத்துதீங்க? இன்னொரு தடவ. மிக்ஸிக்காரரே, உங்களத்தான். கொஞ்சம் முன்ன மாதிரியே.

ம்ம்ம்...

கேக்குது அண்ணாச்சி. ரெண்டும் கேக்குது. அவரு அடியும் கேக்குது, உங்க மேலும் கேக்குது. ரெண்டும் தனித்தனியா, நூலு நூலாக் கேக்குது. ஆறு மாசம் ஆச்சு நான் இப்படிக் கேட்டு. எனக்குக் கையில மயிர் சிலுத்து நிக்கிறதப் பாருங்க.

அவரு அங்க கடைசியில இருக்காரு. நீங்க நடுவுல. ரெண்டு பேரும் எனக்கு இடது பக்கம்.

நான்... நான்லா ஓரத்துல இருக்கேன்.

வலது ஓரம்.

நானே கேட்டு வாங்கினேன் இந்த எடத்த. காத்துக்குன்னு சொன்னேன். உங்க சத்தம் எனக்குக் கேக்கணும்னுலா மாறி உக்காந்தேன்! நடுவுல இருந்தப்பம் நீங்க என் வலது பக்கத்துல இருந்து ரெண்டு தடவ கேட்டதும் வெளங்கல. இப்பம் நீங்க மூச்சு விடுறது வரைக்கும் கேக்குது.

சவத்துப் பயலுவ. அண்ணாச்சி, அந்தச் சவத்துப் பயலுவ ரெண்டு பேரும் என்னைய ஓரத்துல தள்ளல. அவங்க ரெண்டு பேரும் என் நல்ல காதுப் பக்கம் வந்து நின்னிருக்கானுவ. மூட்டு வலியோட மண்டி போட்டு, சாக்பீஸ வச்சு அளந்து... "நின்னு பாரேன்"ன்னான் அண்ணாச்சி. நின்னு பாரேன்னுதான சொன்னான். நான் நின்னு பாக்கல.

ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா எங்கிட்ட? ஏன் சொல்லல? ...சொன்னானே. பொன்சிங்கு வீடு தேடி வந்து சொன்னான். அவன நான் விரட்டி அனுப்பினேன். கோமுவ முந்நூறு பேருக்கு முன்னால ஏசினேன். அவன் சத்தமாத்தான் பாடியிருக்கான், நரம்பு பொடைக்கப் பாடியிருக்கான். ஏச்சு வாங்கிட்டு எனக்கு டீ வாங்கிக் குடுத்திருக்கான். மேபலு பத்து வருசமா ரோட்டுல நடந்தா என் இடது பக்கம்தான் வருவா, அந்தப் பக்கம் சாக்கடை இருந்தாலும் அதுலதான் வருவா. நான் அவளக் கூறு கெட்டவன்னு ஏசியிருக்கேன்.

இல்ல, தண்ணி வேண்டாம். ஒண்ணும் இல்ல. காத்து கண்ணுல அடிக்கி, அதான். இல்ல அண்ணாச்சி, காத்து இல்ல. அழத்தான் செய்யுதேன்.

மணி என்ன? பதினொண்ணே முக்காலா! இன்னுமா திரும்பல அந்த ரெக்கை? கண்டக்டர், எறங்கி ஓடினா அந்தப் பக்கம் ஆட்டோ கெடைக்குமா? என்னது, கெளம்புதா? ஏ, இன்ஜினப் போட்டுட்டாரு! போங்க, போங்க, நல்லா அழுத்துங்க. முன்ன டிரைவரப் பத்தி என்னமோ சொல்லிட்டேன், அவருட்டச் சொல்லிராதீங்க.

இந்தக் கோட்டுக் கையக் கொஞ்சம் இழுத்து விடுங்க அண்ணாச்சி. தோள்ல புடிக்கி. நாலு மாசம் பாடாம வீட்டுல உக்காந்து தின்னதுல தொந்தி போட்டுட்டு. மே மாசத்துல கோட்டு போட்டுக்கிட்டு பஸ்சுல இருக்கேன்னு எல்லாரும் பாக்காங்க, பாக்கட்டும். பொத்தான் வேண்டாம், அது மாட்டாது.

போன எங்க வச்சேன்? இந்தா இருக்கு. ...ஏல பொன்சிங்கு. நான்தாம்ல, ஆசீரு. கோயில்பாட்டு எல்லாம் முடிஞ்சுட்டா? பிள்ளை நல்லா இருக்காளா? ...நான் எங்க இருக்கேன்னா கேக்க, தோவாளை தாண்டிட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன். ஏல, அந்த மைக்க வச்சிருக்கியா? அங்க மேடையில, ஓரத்துல? ...வச்சிருக்கியா. அத எடுத்துராத. நடுவுலயும் கொண்டு போவாத. அங்கயே நிக்கட்டும். ...ஆமால. ...ஆமா, போட்டுட்டேன். பஸ்சுலயே போட்டுட்டேன். ...பிள்ளைட்டச் சொல்லு, கத்திய எடுக்க வேண்டாம்னு. நான் வந்து "ம்"னு சொன்ன பெறகு வெட்டட்டும். கோமு பக்கத்துல இருக்கானா? குடு அவன்ட்ட. ...இல்ல, வேண்டாம், குடுக்காத. போன்ல எப்படிப் பேசுறது? நேர்ல கையப் புடிச்சுக்கிட்டுத்தான் பேசணும். வை.

அண்ணாச்சி, பொன்சிங்கு அழுதான். அவன் அழுதது நல்லாக் கேட்டுச்சு.

வடசேரி வந்துட்டா? மணி பன்னெண்டு அஞ்சு. மண்டபம் வெட்டூர்ணிமடத்துல, ஆட்டோவுல போனாப் பத்து நிமிசம். மிக்ஸிக்காரரே, டப்பாவக் கொஞ்சம் தூக்கிக்கிடுங்க, நான் வெளிய வரணும். உங்க அடிக்கட்டை நல்ல கட்டை, சும்மா விட்டுராதீங்க. அண்ணாச்சி, உங்க பேரக்கூட நான் கேக்கல பாத்தீங்களா. நாந்தான் பேசிக்கிட்டே வந்தேன்.

யாரு ஜன்னல்ல தட்டுறது? ஆட்டோவா? என்னப்பா சொல்லுத? எங்க போவணும்னா கேக்க? தம்பி, எனக்கு இந்தக் காது கேக்காது. அந்தப் பக்கம் வாசலுக்கு வா, சொல்லுதேன்.